சாக்பீஸும் சுற்றறிக்கையும்

மே தினத்தை ஒட்டிக் கோவையில், தொழிலாளரும் மேலாளரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலை அதிபர்கள் சார்பில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அவர்களுக்கு எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, வரவேற்புரையிலேயே என் உரையின் பாதியைப் பேசி என் சுமையைக் குறைத்த பேராசிரியர் அவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வை இந்த ஊர் நூலில் இந்த ஊர்த் தறியில் நெய்தது என்று செயலாளர் காதோடு சொன்னார். மேடையில் சொல்ல வேண்டிய செய்தி அது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவு இடைவேளையைத் தள்ளிவைத்து எனக்கு நேரம் ஒதுக்கிய விழாக்குழுவினருக்கும், அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் நன்றி.

பணியிடத்தில் நிர்வாகம் தன் ஆட்களிடம் என்னென்ன பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்பதே எனக்குக் கொடுத்த தலைப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூற்பாலை அலுவலகங்களில் சுற்றறிக்கை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். என் அனுபவத்தில் அந்தப் பேச்சு ஐந்து பொருள்களில் அடங்கிவிடும். வேலை நேரமும் விடுமுறையும் முதலாவது, கூலியும் போனஸும் இரண்டாவது, பாதுகாப்பு மூன்றாவது, மெமோ என்று நாம் செல்லமாக அழைக்கும் ஒழுங்கு நடவடிக்கை நான்காவது, பாராட்டும் இரங்கலும் ஐந்தாவது. மென்பொருள் நிறுவனமானாலும் மிளகாய் மண்டியானாலும் ஆறாவது ஒன்றை நான் கண்டதில்லை. ஐந்தையும் வரிசையாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு பழமொழி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை என்று என் வீட்டாரே கேலி செய்வார்கள். சுற்றறிக்கையைப் பற்றிப் பேச வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழியைத் தமிழ் வைத்திருக்கவில்லை என்பதால் இன்றும் சொல்கிறேன்.

முதல் பொருளான வேலை நேரத்துக்கு வருகிறேன். கோவையில் 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலும், 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்து ஆலைகள் பெருகிய காலத்திலும், நிர்வாகம் தொழிலாளியிடம் பேசிய முதன்மையான மொழி சங்குதான். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று ஒவ்வொரு முறைக்கும் சங்கு ஊதும். ஆலைக்குள் இருப்பவன் மட்டுமல்லாமல் அடுப்படியில் இருப்பவளும் அதைக் கேட்டு உலை வைத்தாள். சங்குக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. தாளும் தட்டச்சும் வந்த பிறகுதான் மொழிபெயர்க்க என்னைப் போன்றவர்கள் தேவைப்பட்டோம். தொல்லையும் அப்போதுதான் தொடங்கியது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன்; ஆலையின் பெயர் வேண்டாம். 2008ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலம். தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின் விடுமுறை விட்டிருந்தார்கள். எங்களுக்கு வியாழக்கிழமை வந்தது. வியாழன் ஆலையை நிறுத்தி, ஞாயிறு ஓட்டுவது என்று முடிவானது. ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டும், அதை ஆலைக்குள் அறிவிப்பாக வைக்கவும் வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொன்னது. ஆகவே சுற்றறிக்கை எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தில் மேலாளர் எழுதியதை நான் தமிழாக்கினேன். என் தமிழ் இதோ: "பார்வை 2-இல் காணும் சுற்றறிக்கையின் பத்தி 3-இல் குறிப்பிடப்பட்டுள்ள மாற்று ஓய்வு நாளானது இணைப்பு அ-வில் கண்டுள்ளவாறு திருத்தி வாசிக்கப்பட வேண்டும் எனத் தொழிலாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." சிரிக்காதீர்கள், அன்று இதற்காக எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. இணைப்பு அ மேலாளரின் மேசை இழுப்பறையில் இருந்தது. சுற்றறிக்கை கண்ணாடிப் பலகைக்குள் பூட்டப்பட்டிருந்தது.

புதன்கிழமை மாலை. பகல் ஷிப்ட் வெளியே வருகிறது, அரை நைட் உள்ளே போகிறது. நூற்றுக்கணக்கான பேர் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, கேட்டில் நிற்கும் காவலாளியிடம் போய், "நாளைக்கு மில் ஓடுமா?" என்று கேட்கிறார்கள். அவர் என்னிடம் வந்தார். "ஏனுங்க, இந்தச் சனத்துக்கு நான் என்னன்னு பதில் சொல்றதுங்க?" என்றார். நான் விவரத்தைச் சொன்னேன். அவர் நேராகப் போனார். ஷிப்ட் ஆட்களைக் குறிக்க வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, கேட்டின் இரும்புத் தகட்டில், குழந்தை எழுத்துப்போல் பெரிது பெரிதாக எழுதினார்: "நாளைக்கு லீவு. ஞாயிறு வேலை. கரண்ட் இல்லை." ஆறே சொற்கள். கூட்டம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பிண்டில்கூட ஆளில்லாமல் நிற்கவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை மேடைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன். திங்கட்கிழமை அந்தக் காவலாளிக்கு மெமோ. நிறுவனச் சொத்தில் எழுதியது, அனுமதியின்றி அறிவிப்பு வெளியிட்டது ஆகிய இரண்டு குற்றங்களுக்கும் 48 மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும். ஆங்கிலத்தில் அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். மாலையில் அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடமே வந்து நின்றார். "சார், இதுல என்னமோ இங்கிலீசுல போட்டிருக்குதுங்க, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் அடித்த மெமோவை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு விளக்கத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். கேள்வியும் என் கை, பதிலும் என் கை. விளக்கம் திருப்திகரமாக இருப்பதாக மேலாளர் குறிப்பு எழுதினார். அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். காவலாளிக்குச் சொல்லி அனுப்பியபோது, "அப்ப கேட்டை நான் கழுவோணுமா, வேண்டாமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

பார்வை 2, பத்தி 3, இணைப்பு அ எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். சாக்பீஸில் எழுதியது கறிக்கு உதவியது. அவர் என்னைவிடத் தமிழ் படித்தவர் அல்லர். ஆனால் அவர் தமிழில் நினைத்துத் தமிழில் எழுதினார். நான் ஆங்கிலத்தில் நினைத்ததற்குத் தமிழ்ச் சட்டை மாட்டினேன்.

இரண்டாவது பொருளான கூலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு, கூடினால் 20 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே எது வந்திருக்கிறது என்பதை அறிய, எந்த மொழியில் ஒட்டினாலும் தொழிலாளி படித்துவிடுவான். போனஸ் நோட்டீசுக்கு மட்டும் மொழிச் சிக்கல் கிடையாது.

மூன்றாவது பொருளான பாதுகாப்பில்தான் என் நெஞ்சு பதறுகிறது. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. அதன் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவைச் சேர்த்து, அபாயமான தொழில் நடத்துபவர் அந்த அபாயத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் சொல்லியாக வேண்டும் என்று விதித்தார்கள். சொன்னோம் என்று கோப்பில் எழுதிக்கொள்வது எளிது. கேட்டவனுக்கு விளங்கியதா என்பதற்குத்தான் கோப்பில் இடமில்லை. "பராமரிப்புப் பணியின்போது இயந்திரம் இயக்கப்படுதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்று அச்சடித்த பலகையையும், எலக்ட்ரீஷியன் அட்டையில் எழுதித் தொங்கவிடும் "ஆள் உள்ளே இருக்கிறார், சுவிட்சைத் தொடாதே" என்ற வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஆளே இல்லை. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்கிறோம், யார் கேட்டுக்கொள்கிறார்? "தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்கிறோம், யார் தீர்மானித்தார்? பொறுப்பைச் சுமக்க ஆள் இல்லாதபடி வாக்கியம் அமைக்கும் இந்த வித்தையைத் தமிழ் எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களிடம்தான் கற்றுக்கொண்டது.

சட்டம் இதில் குறை வைக்கவில்லை என்பதை ஆலை அதிபர்கள் அறிவார்கள். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், நிலையாணையை, அதாவது ஆலையின் வேலை விதிகளை, ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்கு விளங்கும் மொழியிலும், அவர்கள் உள்ளே நுழையும் வாயிலருகே தனிப் பலகையில் வைக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவும் அறிவிப்புகளுக்கு அதையே சொல்லி, பலகை சுத்தமாகவும் படிக்கும்படியும் இருக்க வேண்டும் என்று கூடுதலாகச் சொன்னது. பழைய சட்டங்களை இப்போது நான்கு தொகுப்புகளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். பூட்டிய பலகையின் சாவி மட்டும் இன்னும் பழைய ஆளிடமே இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கு 1956லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. நகராட்சி ஆணையராக இருந்துகொண்டே ஆட்சித்தமிழுக்கு உழைத்த கீ. இராமலிங்கனார் போன்றோரின் உழைப்பால் இன்று கடைநிலை எழுத்தரும் ந.க.எண், பொருள், பார்வை என்று தமிழில் தொடங்குகிறார். தனியார் ஆலைகளுக்கு அப்படி உழைக்க ஒருவர் அமையவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். தமிழாக்கம் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் வரைவையே தமிழில் எழுதுங்கள். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலம் வேண்டுமானால் அதைப் பிறகு பெயர்த்துக்கொள்ளட்டும். அந்தச் சிரமத்தை அதிகச் சம்பளம் வாங்குகிறவர்கள் பட்டுக்கொள்ளட்டும்.

போன மாதம் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் இடைமறித்தார். "எங்கள் ஆலை விடுதியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள். உங்கள் தமிழ் அவர்களுக்கு எதற்கு?" என்றார். நியாயமான கேள்வி. பெரும்பான்மைக்கு விளங்கும் மொழி என்றுதான் சட்டம் சொன்னதே தவிர, தமிழ் என்று சொல்லவில்லை. தமிழுக்காக வாதாடும் நான் ஒடியாவுக்காகவும் வாதாடாவிட்டால் என் தமிழ்ப்பற்றும் ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த விடுதியிலேயே படிக்கத் தெரிந்த ஓர் ஒடியாப் பிள்ளையிடம் விவரத்தைச் சொல்லுங்கள். அவன் தன் சொல்லில் எழுதட்டும், அல்லது வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பட்டும். ஆனால் அந்தக் குழுவில் காலை வணக்கப் பூக்களை நிறுத்துங்கள். கொதிகலன் பராமரிப்பு எச்சரிக்கை நாற்பது தாமரைகளுக்கு அடியில் புதைந்து கிடந்ததை நானே பார்த்தேன்.

தலைவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுகிறார். மெமோவைப் பற்றி விரிவாகப் பேச வந்தேன். காவலாளி கதையிலேயே அது கொஞ்சம் வந்துவிட்டது. பாராட்டும் இரங்கலும் தனி உரைக்கே உரியவை. மன்றம் மறுபடி அழைத்தால் பேசுகிறேன்.

வாயிலருகே மேசைமேல் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அறிவிப்புகளின் முதல் வரைவு தொழிலாளி பேசும் மொழியில் இருக்க வேண்டும், பலகைக்குப் பூட்டு கூடாது என்று இரண்டே வரிகள். தமிழிலும் ஒடியாவிலும் இருக்கின்றன. ஒப்பமிடுகிறவர்கள் தலைப்பெழுத்தையும் தங்கள் மொழியிலேயே இடுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் முதலில் இட்டால் பின்வரிசைக்குத் தயக்கம் இருக்காது. பேனா இல்லாதவர்களுக்காக ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வைத்திருப்பதாகச் செயலாளர் விளையாட்டாகச் சொல்கிறார். வணக்கம்.