தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் என் அக்கா மகன் சைக்கிள் வேண்டும் என்று நின்றான். எட்டாம் வகுப்பு; வீடு காட்பாடியில். வேலூரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். நுழைந்ததுமே அவன் கண் ஒரு வண்டியில் ஒட்டிக்கொண்டது. கறுப்பு ஃபிரேம், ஆரஞ்சுப் பட்டை, நான்கு அங்குல டயர், முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங். "மாமா, புல்லட் மாதிரி இருக்கு பாருங்க!" என்றான். எனக்கும் பிடித்துவிட்டது. கடைக்காரர் கியரைப் பற்றிச் சொன்னார், டிஸ்க் பிரேக்கைப் பற்றிச் சொன்னார். எடை எவ்வளவு என்று நாங்கள் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள், காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் வண்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றேன். என் எடையைக் கழித்தால் 19 கிலோ. பையனே 38 கிலோதான்.

நல்ல அலாய் (அலுமினியக் கலவை) ஃபிரேமும் முன்னால் மட்டும் ஸ்பிரிங்கும் உள்ள வண்டி 14 கிலோவுக்குள் கிடைக்கும். 5 கிலோ வித்தியாசம் 70 கிலோ ஆளுக்கு, ஆளும் வண்டியும் சேர்ந்த மொத்தச் சுமையில் 6 சதவீதத்துக்கும் குறைவு. இந்தப் பையனுக்கு ஏறக்குறைய 9 சதவீதம். அதனால்தான் பிள்ளைகளுக்கு வாங்கும்போது எடையை முதலில் பாருங்கள் என்கிறேன். மாடி வீட்டுக்காரர்கள் படியேற்றுவதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டியின் தோற்றம் எங்கிருந்து வந்தது? 1970களில் கலிஃபோர்னியாவில் டாமல்பாய்ஸ் மலைப்பக்கம் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கினார்கள். மேலே போக பிக்கப் டிரக், இல்லையென்றால் தள்ளல். இறங்குபவனுக்கு எடை ஒரு பாரமே இல்லை. அப்புறம் ஏறவும் ஆசை வந்தது. வண்டி கட்டுபவர்கள் கிராம் கிராமாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். நம் கடைகளில் வந்து நிற்கும் மலிவு வண்டிகளில் பலவற்றுக்கு அந்தத் தோற்றம் வந்துவிட்டது, குறைத்த எடை வரவில்லை. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் ஃபோர்க் மட்டுமே இரண்டு கிலோவைத் தாண்டும். பின் ஸ்பிரிங்கோ, எழுந்து நின்று மிதித்தால் அந்த மிதியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கி அமுங்கும். ஜவ்வாது மலைக் காட்டுப் பாதையில் கல்லும் வேரும் இருக்கின்றன, அங்கே ஸ்பிரிங் வேண்டும். சத்துவாச்சாரி தார் ரோட்டில் எதற்கு?

அலாய் என்று எழுதியிருந்தாலே இலகு என்று நினைக்காதீர்கள். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஆனால் உறுதிக்காகக் குழாயைத் தடிமனாகப் போடுவார்கள். சீட்டுக்குக் கீழே ஒரு கை, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு கை கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து வண்டியையும் தூக்குங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்த வண்டியைத்தான் பையன் தினமும் துடைப்பான், தினமும் எடுப்பான். எங்கள் வண்டியை அதனால்தான் மாற்றவில்லை. பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி சீட்டை உயர்த்தினேன். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த அளவைப் பார்த்துக் காற்றடித்தோம். முதலில் மிதிக்க லேசான கியர் போட்டு ஏறச் சொன்னேன். போன மாதம் பாலத்தில் இறங்காமல் ஏறிவிட்டான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டுமாம் இப்போது. அதற்கு வேறு வண்டி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை தூக்கிப் பார்த்து.

வணக்கம்.