முப்பத்தாறு சென்ட்டுக்கு அப்புறம்

எல்லோருக்கும் வணக்கம். மயிலாப்பூரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓர் அமெரிக்க ராக் பாடகியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம், "சரி, நடுவில் பாட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்றார். போடவில்லை ஐயா, பேச்சு மட்டும்தான்.

டினா டர்னர். எண்பதுகளில் பர்மா பஜாரில் கேசட் வாங்கியவர்களுக்கு உடனே முகம் ஞாபகம் வரும். சிலிர்த்து நிற்கிற முடி, கரகரத்த குரல், உயர்ந்த குதிகால் செருப்பில் அந்த ஆட்டம். அவர் கதை என்று எல்லோரும் சொல்வது ஓர் இரவைத்தான். 1976 ஜூலை, டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரம். கச்சேரிக்கு வந்த இடத்தில், விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகிற காரிலேயே கணவர் ஐக் டர்னர் அடிக்கிறார். டினாவின் முகம் வீங்கிவிட்டது, வெள்ளை உடையெல்லாம் ரத்தம். அறைக்குப் போனதும் அந்த ஆளுக்கு வழக்கம்போலத் தலையைப் பிடித்துவிடுகிறார். ஆள் தூங்கியதும் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு பின்வழியாக வெளியே வருகிறார். நெடுஞ்சாலையை ஓடிக் கடந்து எதிரே இருந்த ரமடா விடுதிக்குள் நுழைகிறார். கையில் 36 சென்ட், ஒரு பெட்ரோல் கம்பெனி கார்டு. மேலாளரிடம் தான் யார் என்று சொல்லி, பணத்தை அப்புறம் தருகிறேன் என்கிறார். அறை கொடுக்கிறார்கள்.

பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர் சினிமாவாக இருந்தால் அடுத்து என்ன வைப்போம்? ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் கதாநாயகி ஜெயித்துவிடுவார். டினாவுக்கு அந்தப் பாட்டு எட்டு வருஷம் ஓடியது. நான் பேச வந்தது அந்த எட்டு வருஷத்தைப் பற்றித்தான்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகிறேன். பெற்றோர் வைத்த பெயர் ஆனா மே புல்லக். பிறந்தது 1939 நவம்பர் 26. ஊர் டென்னசி மாநிலத்தில் நட்புஷ், பருத்தி விளைகிற சின்ன ஊர். அம்மா ஒரு நாள் வீட்டை விட்டுப் போனார், அப்புறம் அப்பாவும் போனார், வளர்த்தது பாட்டி. செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய், பதின்ம வயதிலேயே ஐக்கின் குழுவில் பாட ஆரம்பித்தார். 1960-ல் முதல் இசைத்தட்டு வந்தபோது அந்தப் பெண்ணைக் கேட்காமலேயே "டினா டர்னர்" என்று பெயர் வைத்தவர் ஐக். வைத்ததோடு விடவில்லை, அந்தப் பெயரைத் தன் சொத்தாகப் பதிவும் செய்துகொண்டார். இவள் போனால் இன்னொருத்தியை அதே பெயரில் மேடையேற்றலாம் என்ற கணக்கு. 1966-ல் ஒரு பிரபலமான பாட்டு வந்தது. அதில் ஐக் ஒரு வாத்தியத்தைக்கூடத் தொடவில்லை, தட்டின் மேல் மட்டும் அவர் பெயர் முதலில் இருக்கும். சில வீடுகளில் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாலே குடும்ப நிலவரம் தெரிந்துவிடும் அல்லவா, அது மாதிரி.

விவாகரத்து 1978-ல் முடிந்தது. பாட்டு வருமானம், வீடு, பணம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். இரண்டு கார்களைத் தவிர, விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது அந்தப் பெயரைத்தான். எனக்கு டல்லாஸ் இரவைவிட இந்த இடம்தான் பெரிதாகத் தெரிகிறது. அடித்தவன் வைத்த பெயர், வெறுத்து உதறியிருக்கலாம். ஆனால் பதினாறு வருஷம் தொண்டை கிழியப் பாடி அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பைச் சம்பாதித்தது யார்? தான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கையில் பெயர் இருந்தது, தலையில் கடனும் இருந்தது. பாதியில் ஓடிவந்ததால் ரத்தான கச்சேரிகளுக்கெல்லாம் அவர் மேல் வழக்கு. தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, அங்கே பெருக்கித் துடைத்திருக்கிறார். அரசாங்க உணவுக் கூப்பனில் சாப்பிட்டிருக்கிறார். தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் ஹோட்டல் மேடைகள். தி.நகர் மண்டபங்களில் ரிசப்ஷன் கச்சேரி பார்த்திருப்பீர்கள். மேடையில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார், கீழே எல்லோரும் மொய்க்கவருக்குப் பேனா தேடிக்கொண்டிருப்பார்கள். கிட்டத்தட்ட அப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் டினா பாடினார். இருபதாயிரம் பேர் முன்னால் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு மேடை ஏறியவர் அவர். இறங்கி வந்துவிட்டோமே என்று பாதி மூச்சில் பாடவில்லை. அந்த நாட்களில் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நூறு பேர் இருந்தாலும் முழு ஆட்டம், முழு வியர்வை.

இசைத்தட்டு கம்பெனிகளுக்கு அவர் முடிந்துபோன கணக்கு. 1983-ல் இங்கிலாந்தில் பதிவு செய்த ஒரு பழைய பாட்டு அங்கே ஓடிய பிறகுதான் கம்பெனி கண் திறந்தது. அவசர அவசரமாக ஆல்பம் கேட்டார்கள். சில வாரங்களில் முடித்தார். 1984-ல் வந்த "பிரைவேட் டான்ஸர்" அதுதான். ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதிலிருந்து "வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்" அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனபோது அவருக்கு வயது 44. நம் சினிமாவில் அந்த வயதில் நடிகைக்கு அம்மா வேஷம் கொடுப்பார்கள், அதுவும் அவரைவிட மூத்த கதாநாயகனுக்கு. சிரிக்கிறீர்கள், நிலைமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, அந்தப் பாட்டு டினாவுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ரொம்ப மென்மையாக இருக்கிறது, எனக்குச் சரிவராது என்றிருக்கிறார். பிடிக்காத பாட்டைத் தன் குரலுக்கு வளைத்து 1985 கிராமி மேடையில் விருது வாங்கினார். 1988 ஜனவரியில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் சுமார் 1,80,000 பேர் அவரைக் கேட்டார்கள்.

நம்மிடம் கே.பி. சுந்தராம்பாள் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்த பிறகு ஒதுங்கியிருந்து, 1935-ல் லட்ச ரூபாய் சம்பளத்தில் படத்துக்கு வந்தவர். இரண்டும் மீண்டு வருதல்தான். ஆனால் அம்மையார் கணவரின் நினைவைக் கடைசிவரை வெள்ளைப் புடவையில் சுமந்தார். டினாவுக்கோ நினைவிலிருந்து வெளியே வருவதே போராட்டம். 1981-ல் ஒரு பத்திரிகையிடம் எல்லாவற்றையும் சொன்னார், சொல்லிவிட்டால் கேள்வி ஓயும் என்று நினைத்து. ஓயவில்லை. 1986-ல் சுயசரிதை வந்தது, 1993-ல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். பேட்டிக்குப் பேட்டி அதே இரவு. ரசிகர்களாகிய நாமும் அவரை அந்த நெடுஞ்சாலையில்தான் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறோம். நானும் அங்கேதானே ஆரம்பித்தேன்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ரத்த அழுத்தம் இருந்தும் மாத்திரையை நிறுத்தி மாற்று மருத்துவம் பார்த்தார், சிறுநீரகம் கெட்டது. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார், மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற சிலருக்காகவும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2013-ல் அவர் மணந்த எர்வின் பாக் 2017-ல் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2018-ல் மூத்த மகன் கிரெய்க் தற்கொலை செய்துகொண்டார், 2022-ல் இன்னொரு மகன் ரானியும் போனார். 2023 மே 24 அன்று சுவிட்சர்லாந்து வீட்டில், 83 வயதில் டினா காலமானார்.

அதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, 2021 அக்டோபரில், தன் பாட்டுகளில் தனக்கிருந்த உரிமைகளை ஜெர்மானிய நிறுவனம் பிஎம்ஜிக்கு விற்றார். டினா டர்னர் என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் அடக்கம். 1978-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாங்கிய பெயர். இந்தத் தடவை விற்றது அவர்.

நன்றி. கேள்வி இருந்தால் கேளுங்கள், காபி வருகிற வரைக்கும் நேரம் இருக்கிறது.