தாவரத்திலிருந்து மாத்திரைக்கு

நேயர்களுக்கு வணக்கம். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு ஆகியவை கூடுதலாக இருப்பது, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு குறைந்திருப்பது ஆகிய ஐந்தில் ஏதேனும் மூன்று ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால், அதை வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி என்கிறோம். தெற்காசியரில் இடுப்பளவின் வரம்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

இதற்கு மூலிகையில் மருந்து உண்டா என்று கேட்பவர்களில் பலர், ஒரு மூலிகையின் வழிவந்த மருந்தை ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியிலுள்ள கேலிஜின் என்னும் வேதிப்பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் அது நச்சுத்தன்மையும் கொண்டது, மேய்ந்த ஆடுகளைக் கொன்றதும் உண்டு. அதனோடு வேதியமைப்பில் உறவுடையதும், இன்று நீரிழிவுக்குப் பலர் விழுங்குவதுமான மெட்ஃபார்மின் 1922-இல் டப்ளினில் தயாரிக்கப்பட்டது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவின் ஒப்புதல் 1994-இல்தான் கிடைத்தது. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் அடுக்களை மஞ்சளுக்கு வருவோம். ஒரு கிராம் மஞ்சள்தூளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். ஆய்வுகளில் கொடுக்கப்படுவதோ பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வதில்லை, ஏனெனில் குடலும் கல்லீரலும் அதை விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மிளகிலுள்ள பைப்பரின் இந்த மாற்றத்தைத் தடுப்பதால், குர்குமின் உடலில் கிடைக்கும் அளவு 2000 விழுக்காடு கூடியதாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் தெரிவித்தார்கள். இதைக் கேட்டு மகிழ்பவர்கள் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும்: அதே பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தக்கூடும், பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. ரசத்தில் தட்டிப் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை, செறிவூட்டிய மாத்திரையைப் பற்றியே பேசுகிறேன். சர்க்கரையைக் குறைக்க எடுக்கப்படும், மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் என்னும் பொருளும் வேறு மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும்; கருவுற்ற பெண்கள் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

வெந்தயத்தின் கதை வேறு. அதன் கேலக்டோமன்னன் என்னும் நார்ப்பொருள் குடலுக்குள்ளேயே கூழாகி, சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. அதற்கு இரத்தத்தில் சேர வேண்டிய தேவையே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்தை நாள்தோறும் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ இடமுண்டு என்பதால், அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது; மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.