சிடி 100-ல் குமரி வரை

நேயர்களுக்கு வணக்கம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு பைக்கில் போய் வந்தோம். போக மட்டும் சுமார் 700 கிலோமீட்டர். நான் ஓட்டியது 12,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100. இவ்வளவு தூரத்துக்குப் புது வண்டியில் போகலாமே என்று பலர் கேட்டார்கள். வண்டிச் செலவு, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் எங்கள் கைக்காசு. அதில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் மருத்துவமனைக்குப் போகட்டும் என்பதுதான் காரணம். அப்புறம், பழைய வண்டியைக் கண்டால் நம் ஊர்க்காரர்கள் நின்று பேசுவார்கள். பேச்சு வந்தால் நன்கொடையும் வரும்.

சிடி 100 இந்தியாவில் 1985-ல் வந்தது. 97.2 சிசி, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரும் இதே இன்ஜின் வழியில் வந்ததுதான். அதனால் பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் போன்றவை எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். யெஸ்டி, ராஜ்தூத் போன்ற பழைய பைக்குகள் எல்லாம் பார்க்க அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் நெடுந்தூரம் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, வழியில் வண்டி நின்றால் சாமான் கிடைக்குமா என்பதைத்தான்.

வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மலிவு வண்டியில் காகிதச் செலவே பெரிய செலவாகிவிடும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். என் வண்டியில் நீலப்புகை இல்லை. கிக்கரை மிதித்தால் காலை நன்றாக எதிர்த்துத் தள்ளியது. அதனால் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் வேலை, தேவைப்படவில்லை. ஆனால் இந்த இன்ஜினில் பலரும் திறந்தே பார்க்காத ஓர் இடம் உண்டு. வலது பக்கக் கவரைக் கழற்றினால் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் முனையில் ஒரு சிறிய வட்டக் கிண்ணம் இருக்கும். அதுதான் ஆயில் ஃபில்டர். காகிதமோ துணியோ அதில் கிடையாது. கிண்ணம் சுழல்கிற வேகத்தில் ஆயிலில் உள்ள அழுக்கு ஓரத்துக்கு எறியப்பட்டு அங்கேயே படிந்துவிடும். என் வண்டியில் அதைத் திறந்தபோது, எள்ளுப் பிண்ணாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது கறுப்பு அழுக்கு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. ஆயில் எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கிண்ணத்தைக் கழுவாவிட்டால் பயனில்லை.

அடுத்தது டேங்க். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். டேங்குக்குள் மண்ணெண்ணெயும் ஒரு கை நட்டுகளும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். பெட்ரோல் டியூப், டேப் வாஷர் இரண்டையும் மாற்றி, நடுவில் ஒரு சிறிய ஃபில்டரும் போட்டோம். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 1423 என்றிருந்தால் 2023-ம் ஆண்டின் 14-வது வாரம் தயாரித்தது. கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பெயின்ட்டைத் தொடவே இல்லை. அந்தப் பணம் வீல் பேரிங்குக்கும், ஹேண்டில் ஆடாமல் திரும்ப உதவும் கோன் செட்டுக்கும் போனது.

அது வீண்போகவில்லை. வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு நெருங்கும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றின் வேகம் அதிகம். எடை குறைந்த 100 சிசி வண்டி இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். லாரியைக் கடந்து வெளியே வரும் நொடியில் காற்று ஒரே அடியாக மோதும். ஹேண்டில் ஆட்டமில்லாமல் இருந்ததால்தான் சமாளிக்க முடிந்தது.

டீக்கடைகளில் நாங்கள் ரொக்கம் வாங்கவில்லை. மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொன்னோம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பது ஒரு காரணம். இடையில் யார் கையும் படக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். வெளிநாட்டுச் சொந்தங்களும் உதவலாம். ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனி வங்கிக் கணக்கு உண்டு, மருத்துவமனையில் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அங்கே பணமில்லாதவர்களும் சிகிச்சை பெறுகிறார்கள். அதனால்தான் கேட்கக் கூச்சமே வரவில்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டேன். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் மெக்கானிக் அண்ணன் ஏர் பைப்பை எடுத்துத் தூசியை ஊதப் போனார். "அண்ணே, ஊதாதீங்க" என்று கையைப் பிடித்தேன். "முப்பது வருஷமா இப்படித்தான் தம்பி செய்றேன்" என்றார். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. கையில் ஒட்டிய கிரீசைப் பெட்ரோலில் கழுவுகிற பழக்கமும் அப்படித்தான். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளது. புற்றுநோய் மருத்துவமனைக்காகப் போகிற வண்டியை ஒருவரை நோயில் தள்ளுகிற முறையில் சரி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, டிரம்மை ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் துணியை உதறாமல் பையில் கட்டிப் போடுங்கள். கையைச் சோப்பால் கழுவுங்கள். வேலைக்குக் கையுறை போடுங்கள். வண்டி விடுகிறவர்களே, அடுத்த சர்வீசுக்குப் போகும்போது கையுறைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். நம் வண்டிக்காகத்தானே அவர்கள் அந்தத் தூசிக்கு முகத்தைக் கொடுக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.