பெயர் எழுத வேண்டாம் என்கிற படிவம் பிள்ளையைக் காட்டிக்கொடுக்குமா?

[திரையில்: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவு. மேட்டில் சிறிய பள்ளிக் கட்டடம்.]

எட்டாம் வகுப்பில் 11 பேர் மட்டுமே படிக்கும் ஒரு மலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பையன்கள், ஐந்து பெண் பிள்ளைகள். அந்த ஐவரில் ஒருத்தி மட்டும் கோத்தர் பழங்குடிக் குடும்பத்துப் பெண். ஒருநாள் காலை வகுப்புக்கு ஒரு படிவம் வருகிறது. மேலே கொட்டை எழுத்தில் 'உங்கள் பெயரை எழுத வேண்டாம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே மூன்று கட்டங்கள்: வகுப்பு, பாலினம், சமூகம். மூன்றையும் நிரப்பியதும் அது யாருடைய தாள் என்பது அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு வருகிறது 12ஆம் கேள்வி: 'உன் வீட்டில் யாராவது குடித்துவிட்டு அடிப்பது உண்டா?'

[திரையில்: படிவத்தின் மேற்பகுதி மட்டும் பெரிதாக. மூன்று கட்டங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு.]

இந்தப் படிவம் விளக்கத்துக்காக நான் எழுதியது. எந்தப் பள்ளியையும் குறிப்பதில்லை. ஆனால் இப்படிச் சிறிய வகுப்புகள் மலையில் புதிதல்ல. அதனால்தான், பள்ளிக் கணக்கெடுப்பைப் பார்த்துப் பயப்படும் அம்மா அப்பாக்களிடம் 'பெயரே கேட்கவில்லையே, பிறகு என்ன பயம்?' என்று சொல்லி அனுப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் கோயம்புத்தூர்ப் பள்ளியில் அந்தப் பதில் ஓரளவு செல்லும். நீலகிரியின் குந்தாவிலும் பந்தலூரிலும் செல்லாது.

நீலகிரி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.35 லட்சம்தான். அதில் தோடர்கள் சுமார் 2,000 பேர். கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று சேர்த்தால் ஆறு தொல்பழங்குடிச் சமூகங்கள் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. ஒரு தோடச் சிறுமியின் வகுப்பையும் வட்டத்தையும் சொல்லிவிட்டால் மிச்சம் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்க ஆராய்ச்சியாளர் லட்டானியா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி இந்த மூன்று மட்டும் கையில் இருந்தால் அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பு உண்டு. அத்தனை கோடிப் பேர் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், 11 பேர் உள்ள வகுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

[திரையில்: வகுப்பறை. கடைசி வரிசையிலிருந்து தாள்கள் கைமாறி முன்னே வருகின்றன.]

கட்டங்களை எடுத்துவிட்டாலும் கதை முடியவில்லை. தாள்கள் திரும்பி வரும் விதத்தைப் பாருங்கள். கடைசிப் பெஞ்சுப் பிள்ளை தன் தாளை முன்னால் இருப்பவனிடம் கொடுக்கிறது. அவன் தன்னுடையதை அதன்மேல் வைத்து அடுத்தவனிடம் கொடுக்கிறான். கட்டு மேசைக்கு வரும்போது உட்கார்ந்த வரிசை அப்படியே கலையாமல் இருக்கிறது. தமிழாசிரியைக்குப் பதினொரு கையெழுத்தும் மனப்பாடம். 'ழ'கரத்தின் சுழியை வைத்தே ஆளைச் சொல்வார். கைபேசியில் இணையப் படிவமாக அனுப்பினாலும், பள்ளி கொடுத்த கணக்கில் உள்நுழைந்து நிரப்பினால் பெயர் தானாகவே பதிவாகிவிடலாம்.

ஆசிரியர் மேல் குற்றம் சொல்லவில்லை. பெரும்பாலானோர் படித்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். ஆனால் ஓய்வறையில் ஒரு வாய்ச்சொல் போதும். அதே ஊர், அதே பஸ், அதே ரேஷன் கடை வரிசை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்படியானால் இந்தக் கணக்கெடுப்புகளே வேண்டாமா? வேண்டும். மனதாரச் சொல்கிறேன், வேண்டும். 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி, 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதைக் காட்டியது. பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் தேசிய அமைப்பான என்சிஇஆர்டி 2022இல் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஏறத்தாழ 3.8 லட்சம் மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்டது. படிப்பு, தேர்வு, மதிப்பெண் இவைதான் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். பெயரை எழுதுவது பிள்ளையின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இவை எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு பயத்தையும் பெற்றோர் சொல்வார்கள். 'சாக வேண்டும் என்று நினைத்தது உண்டா என்று கேட்டால், நினைக்காத பிள்ளையும் நினைக்கத் தொடங்கிவிடுமே' என்பார்கள். பெற்ற மனம் அப்படித்தான் பதறும். ஆனால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். ஆய்வு 2005இல் வெளியானது. கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. ஆகவே கேள்வியைக் கண்டு அவ்வளவு அஞ்ச வேண்டாம். பதில் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் என் கவலை முழுவதும் இருக்கிறது.

[திரையில்: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளின் நீண்ட வரிசை. மாலைப் பனி.]

எந்தக் கேள்வி யாரைச் சுடும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் உட்கார்ந்து கேள்வித்தாள் தயாரிப்பவருக்கு 'உங்கள் குடும்பத்தின் சொந்த ஊர் எது, எப்போது இங்கு வந்தீர்கள்?' என்பது சாதாரணக் கேள்வி. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பத்துப் பேத்திக்கு அது அப்படி இல்லை. 'சிலோன்காரர்கள்' என்று ஊரார் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். வீட்டில் தாத்தாவின் குடியுரிமைக் காகிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அந்தக் கட்டத்தின் முன் அவள் பேனா நின்றுவிடும்.

உடல்நலக் கேள்விகளில் சிக்கிள் செல் என்னும் அரிவாள் செல் இரத்தசோகையைத்தான் இந்த மலையில் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். இது பெற்றோர் வழி வரும் நோய். இந்தியாவில் இதன் மரபணு முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். 2023இல் ஒன்றிய அரசு இதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கி, 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்துவருகிறது. அவசியமான வேலை. மரபணுவைச் சுமப்பவர் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார். சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இந்த விளக்கம் இல்லாமல், முடிவை மட்டும் வகுப்பில் பெயர் கூப்பிட்டுப் படித்தால் என்ன ஆகும்? பத்து ஆண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அது பேசப்படும். முடிவு மூடிய உறையில், பெற்றோர் கையில், விளக்கிச் சொல்லும் ஒரு செவிலியர் உடனிருக்கச் சேர வேண்டும்.

வருமானம், மதம், மாதவிடாய் பற்றிய கேள்விகளும் உண்டு. அவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

[திரையில்: ஒப்புதல் படிவம். கீழே பெற்றோர் கையெழுத்துக்கான கோடு.]

சம்மதத்துக்கு வருவோம். 'விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்' என்று ஒரு வகைக் கடிதம் வரும். அதாவது, கடிதம் வராவிட்டால் சம்மதம். காலை ஏழரைக்குக் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் தாய்க்கு, பையின் அடியில் மடங்கிக் கிடக்கும் கடிதம் கண்ணில் படுவதே அரிது. பட்டாலும் அவர் வீட்டில் பேசுவது படுகு மொழியாகவோ பணியர் மொழியாகவோ இருக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பமாக இருந்தால் தமிழ் எழுத்தே தெரியாது. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல்: விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று எதிர்பார்க்கிறார்கள். காப்பாளர் பெற்றோர் இல்லை. விடுதி பற்றிய கேள்வி அந்தத் தாளில் இருந்தால், அவர் கையெழுத்துப் போடவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதே சட்டத்தில் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த விலக்கின் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே சட்டத்தின் பெயரைச் சொன்னதும் எல்லாப் படிவமும் நின்றுவிடாது.

மருத்துவ ஆய்வாக இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அமைப்பின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பொருந்தும். பெற்றோர் சம்மதத்தோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்கிறது அது. எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான். அம்மா சரி என்றாலும் பிள்ளை வேண்டாம் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் 1978 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அரசியல் நம்பிக்கை, குடும்பத்தில் மனநலச் சிக்கல், பாலியல் நடத்தை, மதம், வருமானம் உள்ளிட்ட எட்டுப் பொருள்கள் இன்று அதன் பாதுகாப்பில் உள்ளன. அவற்றைக் கேட்கும் கேள்வித்தாளை முன்கூட்டியே பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நம்மிடம் முன்மாதிரியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதில் சொல்வது சட்டப்படிக் கட்டாயம். ஆனாலும் 1948ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பெண் தன் கணவர் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தப்பட மாட்டார் என்று விலக்குத் தந்தது. கட்டாயமான கணக்கெடுப்பிலேயே மக்களின் கூச்சத்துக்கு இடம் கொடுத்த நாடு இது. பள்ளிப் படிவத்தில் 'பதில் சொல்ல விரும்பவில்லை' என்று ஒரு கட்டம் சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

[திரையில்: 1098, 14417, 14416 என்ற எண்கள்.]

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. யாருடைய தாள் என்றே தெரியாத படிவத்தில் ஒரு பிள்ளை, 'ஆம், என்னைத் தவறாகத் தொட்டார்கள்' என்று எழுதினால்? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆனால் அடையாளம் இல்லாத தாளை வைத்து யாரைக் காப்பாற்றுவது? அடையாளம் கேட்டாலோ பிள்ளை எழுதவே எழுதாது. இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்க வழி இல்லை. செய்யக்கூடியது இது: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். அதில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல உதவிக்கு 14416 இருக்கட்டும். 'பேச விரும்பினால் நான் மாலை வரை அந்த அறையில் இருப்பேன்' என்று பயிற்சி பெற்ற ஒருவர் வகுப்பில் நேரில் சொல்லட்டும். அப்படி ஒருவரை ஏற்பாடு செய்ய முடியாத நாளில் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

[திரையில்: வட்டமாகப் போட்ட நாற்காலிகள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்.]

அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு இதைப் பேச ஓர் இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். கேள்வித்தாளை வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்பே குழுவில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சமூகம் என்ற கட்டம் எதற்கு என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியாவிட்டால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை, அதைப் பிள்ளையே ஒட்டிப் பெட்டியில் போடட்டும், பெட்டி பள்ளியில் திறக்கப்படாமல் போகட்டும். பத்துப் பேருக்கும் குறைவான பிரிவின் விவரத்தைத் தனியாக வெளியிடக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவும் ஒரு கூட்டத்தில் கேட்டு முடிக்கக்கூடியவை.

கடைசியாக ஒன்றையும் கேளுங்கள்: முடிவுகள் எப்போது இந்தக் குழுவுக்குத் திரும்பி வரும்? நம் பிள்ளைகள் மனம் திறந்து எழுதியவை ஓர் அறிக்கையாகி எங்கோ அலமாரியில் உறங்கக் கூடாது. மாவட்டத்தில் இத்தனை சதவீதப் பிள்ளைகள் இரவில் தூங்காமல் தவிக்கிறார்கள் என்று எண் வந்தால், இந்த மலைக்கு ஆலோசகர் எப்போது வருவார் என்று அன்றைய கூட்டத்திலேயே தேதி கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.