பெறுபேறு வந்த பிறகு, பீடம் திறக்கும் முன்

(அட்டனில் உயர்தர உயிரியல் பிரிவு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்து மருத்துவ பீடத்துக்குள் போகும்வரை நம் இலங்கையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு மருத்துவ ஆய்வில் தரவு சேகரிக்கப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் அமெரிக்காவில்போல அந்த அனுபவத்தை இங்கே விண்ணப்பத்தில் யாரும் எடைபோட மாட்டார்கள். உயர்தரப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியும், மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கும் கோட்டாவும்தான் கணக்கு. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. சான்றிதழுக்காகப் போகவேண்டிய கட்டாயம் இல்லையே!

இரத்தச்சோகை பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். தாதி விரலில் குத்துவார், நீங்கள் எண்ணை எழுதுவீர்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. அது கடல்மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இப்படி உயரமான இடத்தில் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு என்பதால் உடம்பு ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். உயரத்துக்கேற்பத் திருத்தாவிட்டால், சோகை உள்ள அக்காவும் சுகமானவராகப் பதிவாகிவிடுவார். அந்தத் திருத்தத்தை எந்தக் கட்டத்தில் செய்கிறீர்கள் என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். நல்ல ஆய்வாளர் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் காட்டுவார்.

பிரஷர் பார்ப்பதும் அப்படித்தான். மலை ஏறி வந்தவரை ஐந்து நிமிடமாவது கதிரையில் சும்மா இருக்கவிட வேண்டும். வரிசை நீண்டால் முதலில் பறிபோவது அந்த ஐந்து நிமிடம்தான்.

இனி சம்மதம். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்க, "இரத்தம் குடுக்க விருப்பமா?" என்று கேட்டால் யார் மறுப்பார்? "தொரை சொல்லிட்டாருன்னா குடுக்கத்தானே வேணும்" என்பார்கள். அது சம்மதமே இல்லை. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்றுப் பின் பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம், ஆய்வு செய்யும் வைத்தியரையே ஒருவர் சார்ந்திருந்தால் அந்த உறவுக்கு வெளியே உள்ளவர்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. தோட்டத்தில் சம்பளம் தருபவர் விஷயத்தில் நாம் அதைவிடக் கவனமாக இருக்க வேண்டாமா? கங்காணி போன பிறகு கேளுங்கள். படிவத்தை வாசித்துவிட்டு நம் பேச்சிலேயே சொல்லுங்கள்: "வேணாம்னா இப்பவே சொல்லலாம், பாதியிலயும் விட்டுட்டுப் போகலாம். அதுக்காக அரைப்பேர் போட மாட்டாங்க." அரைநாள் சம்பளம் மட்டும் பதிய மாட்டார்கள் என்ற இந்தக் கடைசி வாக்கை நிர்வாகத்திடம் முன்கூட்டியே உறுதிசெய்தார்களா என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வரும் ஆய்வுக் குழுவுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கர்ப்பம், குடி பற்றிய கேள்விகளை அங்கே கேட்காதீர்கள். படிவத்தைப் போனில் படமெடுத்து வைக்கவும் வேண்டாம்.

கட்டுரையில் பெயர் வருமா என்று கேட்கச் சிலருக்குக் கூச்சம். தரவு சேகரித்ததற்கு மட்டும் ஆசிரியர் வரிசையில் இடம் கிடைக்காது, நன்றி கூறும் பகுதியில் வரலாம். பகுப்பாய்விலும் எழுத்திலும் உண்மையாகக் கைகொடுத்தால் கதை வேறு. இதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அட்டனிலிருந்து பேராதனைக்குப் போய்வரும் பஸ் காசை யார் தருவது என்பதையும் அன்றைக்கே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.