பழைய சைக்கிளும் பூக்களும்: இடைவெளிகளைப் பார்த்து வரைவோம்

[திரையில்: முடிந்த ஓவியம். முற்றத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் துருப்பிடித்த சைக்கிள், கேரியர் கூடை நிறையப் பூக்கள்]

வணக்கம். இந்த வாட்டர்கலர் ஓவியத்தில் என்னை அதிகம் படுத்தியது சைக்கிள்தான். அடிக்கடி பார்க்கிற பொருள், கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம் என்று தோன்றும். லிவர்பூல் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் ரெபெக்கா லாசன், 2006-இல் வெளியான ஆய்வில் இதைத்தான் சோதித்தார். நினைவிலிருந்து ஃபிரேமையும் செயினையும் பெடலையும் வரையச் சொன்னபோது, சிலர் செயினை இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டிவிட்டார்கள். அப்படி மாட்டினால் ஹேண்டில் பாரைத் திருப்பவே முடியாது!

அதனால் சைக்கிளை மறந்துவிட்டு, அதன் நடுவே தெரிகிற சுவரைப் பாருங்கள்.

[நெருக்கக் காட்சி: பென்சில் கோடுகள்]

ஃபிரேமுக்குள் சுவர் ஏறக்குறைய முக்கோணமாகத் தெரிகிறது. ஹேண்டில் பக்கத்து முனை மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது. இந்தச் சுவர்த்துண்டின் வடிவம் சரியாக வந்துவிட்டால், சுற்றியுள்ள குழாய்கள் தாமாகவே சரியான இடத்தில் நிற்கும்.

அடுத்து சக்கரங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். அதன் குறுகிய அச்சு, சக்கரத்தின் அச்சு போகும் திசையிலேயே இருக்க வேண்டும். இங்கே ஹேண்டில் திரும்பியிருக்கிறது, அதனால் முன் சக்கரம் இன்னும் ஒடுங்கித் தெரிகிறது. இரண்டையும் ஒரே அளவில் போட்டால் வண்டி விறைத்துப்போய் நிற்கும்.

[திரையில்: பின் சக்கரம்]

சரி, போக்ஸ் கம்பிகள். ஒரு சக்கரத்தில் பெரும்பாலும் 32 அல்லது 36 இருக்கும். நான் வரைந்தது ஒன்பதுதான். இருட்டான இலைகளுக்கு முன்னால் வெளிச்சக் கம்பி, வெளுத்த சுவருக்கு முன்னால் இருட்டுக் கம்பி. மற்ற இடத்தில் விட்டுவிட்டேன். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும். ஒன்று கவனியுங்கள், பெரும்பாலான சக்கரங்களில் கம்பிகள் நடு மையத்திலிருந்து நேராகக் கிளம்பாது. சாய்வாகக் கிளம்பி ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்.

துருவுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலம். இரண்டும் ஈரத்தில் கலக்கிற இடத்தில் அழகான சாம்பல் நிறம் வருகிறது. எனக்குக் கறுப்பு தேவைப்படவே இல்லை. பூக்களை இதழ் இதழாக வரையவில்லை, வெளிர் நிறத்தில் தொடங்கி நிறத்திட்டுகளாகவே வைத்தேன். கூர்மையான விளிம்பு முன்னால் இருக்கிற இரண்டு பூவுக்கு மட்டும்.

[திரையில்: தரையில் ஒளிப்பொட்டுகள்]

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தரையில் கிடக்கிற பொட்டுகள் இலை இடுக்கின் வடிவத்தில் இல்லை, வட்டமாக இருக்கின்றன பாருங்கள். ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஊசித்துளைக் கேமரா போல வேலை செய்து சூரியனின் உருவத்தைத் தரையில் போடுகிறது. இடுக்கிலிருந்து வெயில் 3 மீட்டர் கடந்து வந்தால் பொட்டு ஏறக்குறைய 3 செ.மீ. அகலம். நம் பார்வைக் கோணத்தில் இவையும் நீள்வட்டம்தான்.

இந்த இடங்களை முதலிலேயே, காகிதத்தில் நிறம் படாமல் தடுக்கிற மாஸ்கிங் திரவத்தால் மூடியிருந்தேன். இப்போது நிழல் நன்றாகக் காய்ந்துவிட்டது. விரலால் மெதுவாகத் தேய்த்து உரிக்கிறேன்.

[திரையில்: விரல் தேய்க்க, வெள்ளைக் காகிதம் ஒவ்வொரு பொட்டாக வெளிப்படுகிறது]